பன்றி விலாவுக்கு எந்தப் பழச் சாஸ்: புளிச்செர்ரியா, பீச்சா, ப்ளூபெர்ரியா?

ஜூலைக் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடமேற்கே, டிராவர்ஸ் சிட்டிப் பக்கம் காரில் போனால், சாலையோரப் பழக்கடைகளில் மூன்று பழங்கள் அடுத்தடுத்து இருக்கும். கண்ணாடிபோல் சிவந்த புளிச்செர்ரி, மாநிலத்தின் தெற்கிலிருந்து ஏறிவந்த முதல் பீச், மேலே சாம்பல் பூத்த ப்ளூபெர்ரி. சனிக்கிழமை எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, பன்றி விலாவை நெருப்பில் சுட்டு வீட்டில் காய்ச்சிய பழச் சாஸ் தடவித் தருவது என்று முடிவு செய்துவிட்டால், பாதிச் சமையல் அந்தக் கடை முன்னால் நிற்கும்போதே தீர்மானமாகிவிடும். எதை எடுப்பது?

பல கோடைகளாக நான் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். ஆப்பிள், அன்னாசி, மாம்பழமும் அந்தக் கணக்கில் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலாவுக்குப் பழம் எடுக்கும்போது இனிப்பைப் பார்க்காதீர்கள், புளிப்பைப் பாருங்கள். இனிப்பை ஒரு கை சர்க்கரை போட்டுச் சரிசெய்யலாம். பழத்தோடு பிறந்த புளிப்பை எந்தப் பாட்டிலிலிருந்தும் முழுதாக ஊற்றிவிட முடியாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மா. நாகர்கோவிலிலிருந்து முதல்முறை இங்கே வந்திருந்தபோது பீச் சாஸ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசனை தெருவரைக்கும் போனது. கரண்டி முனையில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர், "மக்ளே, பாயசம் மாதிரி இருக்கு. இதுல புளிப்பு எங்க?" என்றார். வினிகர் ஊற்றியிருப்பதாகச் சொன்னேன். "அது ஊத்துன புளிப்புல்லா, தனியா நிக்குது" என்றார். அன்று மாலை இரண்டாவது விலாவிலேயே எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். கொழுப்பும் இனிப்பும் சேர்ந்தால் நாக்கு சீக்கிரம் களைத்துவிடும்.

பன்றிக்கொழுப்புக்குப் புளிப்பு வேண்டும் என்பதை உலகத்தில் பன்றி சமைக்கிற எல்லா ஊரும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது. குடகில் பந்திக் கறி என்ற பன்றிக்கறியை, கச்சம்புளி என்ற கருப்புப் பழப்புளிச் சாறு ஊற்றித்தான் முடிப்பார்கள். கோவாவின் விண்டாலுவுக்கு வினிகர். அமெரிக்காவில் வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் பார்பெக்யூ சாஸ் என்றாலே வினிகரும் மிளகாயும்தான், தக்காளியே கிடையாது. தென் கரோலினாவில் கடுகுச் சாஸ். கெட்டியாக, இனிப்பாக, தக்காளியும் கரும்புச் சர்க்கரைப் பாகான மொலாசஸும் சேர்ந்து வருவது கான்சஸ் சிட்டி வழி. அமெரிக்கா முழுக்கப் பாட்டிலில் விற்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். அந்தப் பாட்டில்கள் பலவற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் முதல் பொருளாகச் சோளச் சர்க்கரைப் பாகு இருக்கும். பழச் சாஸ் வீட்டிலேயே காய்ச்ச எனக்கு முதல் காரணம் அதுதான். பாட்டிலில் இனிப்பின் அளவு நம் கையில் இல்லை.

சரி, பழங்களுக்கு வருவோம். பீச்சிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். மிச்சிகன் பீச்சுக்கு ஒரு பெருமை உண்டு. ஏரிக்கரை ஊரான சவுத் ஹேவனில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டான்லி ஜான்ஸ்டன் உருவாக்கி 1940-இல் வெளியிட்ட 'ரெட் ஹேவன்' வகை இன்று பல நாடுகளில் பயிராகிறது. நன்றாகப் பழுத்த ஒன்றை அப்படியே கடித்துத் தின்பதற்கு இணையே இல்லை. ஆனால் சாஸில் அதற்கு இரண்டு சிக்கல்கள். ஒன்று, அதன் அழகே வாசனையில்தான் இருக்கிறது. அரை மணி நேரம் கொதித்தால் அந்த வாசனையில் பாதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். இரண்டு, பழத்தைக் கெட்டியாக்கும் பெக்டின் அதில் குறைவு. அதனால் நீர்த்துக்கொண்டே இருக்கும், கெட்டியாக வேண்டுமென்று இன்னும் கொதிக்க விடுவோம், வாசனை இன்னும் போகும். பீச்சைத்தான் செய்வேன் என்றால் பாதிப் பழத்தை மட்டும் காய்ச்சி, மீதியைத் தோல் உரித்துப் பொடியாக நறுக்கிக் கடைசி 5 நிமிடத்தில் போடுங்கள். வினிகரோடு எலுமிச்சையும் சேர்த்து, ஹபனேரோ மிளகாய் ஒன்றைக் கீறிப் போட்டு எடுத்துவிட்டால் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். காரம் ஆகாத குழந்தைகள் வருகிறார்களென்றால் ஹபனேரோவை விட்டுவிடலாம். பீச் சாஸ் அவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

ப்ளூபெர்ரியை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். மிளகோடு அது அவ்வளவு நன்றாகச் சேரும். தோலில் லேசான துவர்ப்பு இருப்பதால் கொழுப்பை வெட்டும், பெக்டினும் போதுமான அளவு உண்டு, 15 நிமிடத்தில் தானாகவே கெட்டியாகிவிடும். எலுமிச்சைச் சாறு மட்டும் தாராளமாக வேண்டும். நெருப்பில் ஒரு தொல்லை இருக்கிறது. சாஸ் கிட்டத்தட்டக் கருப்பாக இருப்பதால், சுடும்போது பளபளவென்று பிடித்திருக்கிறதா, கருகத் தொடங்கிவிட்டதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மூக்கை நம்ப வேண்டியதுதான். அனுபவம் உள்ளவர்களுக்குச் சரி, முதல்முறை செய்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஆப்பிள் அக்டோபர் வேலை. சைடர் மில்கள் திறந்து, ஊரெல்லாம் ஆப்பிள் பிழிகிற வாசனை வரும்போது கை தானாகப் போகும். பன்றிக்கும் ஆப்பிளுக்கும் உள்ள பொருத்தம் பழையது. இருந்தாலும் தக்காளி, பூண்டு, வினிகர் என்று சேர்த்தபிறகு ஆப்பிளின் சுவை பின்வரிசைக்குப் போய்விடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எந்தப் பழமென்று சொல்ல முடியாது. அதை நான் சாஸின் நாயகனாக வைப்பதில்லை. பெக்டின் மிகுந்த பச்சை கிரானி ஸ்மித் ஆப்பிளைப் பாதி துருவி மற்ற சாஸ்களில் போட்டால் சோளமாவு எதுவும் இல்லாமலே உடம்பு வந்துவிடும். அதற்கு அதைவிட நல்ல துணை இல்லை.

நம்மவர்கள் கட்டாயம் கேட்கிற இரண்டு: அன்னாசியும் மாம்பழமும். அன்னாசியில் புளிப்பு தாராளம். கொதிக்கவைத்த சாஸாகச் செய்தால் நன்றாகவே வரும். ஆனால் பச்சையாக அரைத்து விலாவில் தடவி இரவெல்லாம் ஊறவைக்காதீர்கள். அதில் உள்ள ப்ரோமலைன் என்ற நொதி இறைச்சியின் புரதத்தைத் தின்றுவிடும். காலையில் தொட்டால் மேல்பகுதி மாவுபோல் கையோடு வரும். வெந்தால் அந்த நொதி செயலிழந்துவிடும், டின்னில் அடைத்த அன்னாசியிலும் அது வேலை செய்யாது. மாம்பழத்துக்கு இந்திய மளிகைக்கடை டின் கூழைப் பயன்படுத்துவோர் அதில் ஏற்கெனவே சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மாம்பழத்தைவிட மாங்காய் பிடித்தது. ஒரு மாங்காயைத் துருவிக் கூழோடு கொதிக்கவிட்டால்தான் அந்தச் சாஸுக்கு முதுகெலும்பு வருகிறது.

இனி புளிச்செர்ரி. கடையில் பையில் விற்கும் கருஞ்சிவப்பு இனிப்புச் செர்ரியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மான்ட்மொரென்சி என்ற இந்த வகை வெளியே பளிச்சென்ற சிவப்பு, உள்ளே மஞ்சள் சதை, சாறு தெளிவாக இருக்கும். பச்சையாக வாயில் போட்டால் கண் சுருங்கும். அமெரிக்காவின் புளிச்செர்ரியில் பெரும்பங்கு மிச்சிகனில்தான் விளைகிறது. தோட்டத்தில் இயந்திரம் மரத்தின் அடியைப் பிடித்து உலுக்க, சில நொடிகளில் மரம் முழுவதும் கொட்டிவிடும். விரிப்பில் விழுந்ததைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் போட்டு எடுத்துப் போவார்கள். இரண்டு நாள்கூடத் தாங்காத பழம் என்பதால் பெரும்பாலும் உறையவைத்தோ, உலர்த்தியோ, சாறாகவோதான் விற்பனைக்கு வருகிறது. சமையல்காரருக்கு இது நல்லது. கொட்டை எடுத்து உறையவைத்த பழம் ஜனவரியிலும் கிடைக்கும், சாஸுக்குப் புதுப்பழத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. உலர்ந்த பழம் வாங்கினால் மட்டும் கவனம். அதில் பெரும்பாலும் சர்க்கரை ஏற்றியிருப்பார்கள், அதற்கேற்ப உங்கள் சர்க்கரையைக் குறைக்க வேண்டும்.

செர்ரியின் புளிப்பு எலுமிச்சைபோல் சுள்ளென்று குத்தாமல், நீளமாக நாக்கில் தங்கும். கொதித்தாலும் குறைவதில்லை. கூடவே பாதாம் பருப்பை நினைவூட்டும் ஒரு வாசனை உண்டு, அது புகையோடு சேரும்போது வேறெந்தப் பழத்திலும் வராத ஓர் ஆழம் கிடைக்கிறது. அம்மா கேட்ட புளிப்பு இதுதான். அடுத்த வருகையில் இதைக் கொடுத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியை இரண்டாம்முறை சாஸில் விட்டார்.

நான் செய்கிற அளவு இது. இரண்டு ரேக், அதாவது இரண்டு முழு வரிசை விலாவுக்குப் போதும். ஒரு சிறு வெங்காயத்தையும் 4 பல் பூண்டையும் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்க வேண்டும். கொட்டை நீக்கிய புளிச்செர்ரி 500 கிராம், துருவிய பச்சை ஆப்பிள் பாதி, கெட்சப் 100 மில்லி, ஆப்பிள் சைடர் வினிகர் 3 மேசைக்கரண்டி, பிரவுன் சுகர் 4 மேசைக்கரண்டி, வூஸ்டர்ஷர் சாஸ் 1 மேசைக்கரண்டி, கிள்ளிய வற்றல் மிளகாய் 2, ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, உப்பு. வூஸ்டர்ஷர் சாஸிலும் புளி சேர்க்கிறார்கள், அதனால் அது அந்நியமாகத் தெரியாது. தண்ணீர் வேண்டாம், பழமே விட்டுவிடும். மிதமான தீயில் 20 நிமிடம் கொதித்தபின் அரைத்து, மறுபடி அடுப்பில் வைத்து 10 நிமிடம். கரண்டியின் முதுகில் சாஸ் படிந்திருக்கும்போது விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஆறும்போது இன்னும் கெட்டியாகும் என்பதால் ஜாம் பதம் வரைக்கும் விடாதீர்கள்.

விலாவில் எந்த வெட்டு என்பது பழத்தைப்போல் பெரிய கேள்வி இல்லை. பேபி பேக் என்பது குட்டிப் பன்றியின் விலா அல்ல. முதுகெலும்பை ஒட்டிய மேல்பகுதி, எலும்பு குட்டையாக வளைந்திருப்பதால் அந்தப் பெயர். ஒரு ரேக் ஏறக்குறைய ஒரு கிலோ, இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். கொழுப்பு குறைவு, சீக்கிரம் வேகும், விலை அதிகம். செயின்ட் லூயிஸ் வெட்டு வயிற்றுப் பக்க விலா. ஓரத்துக் குருத்தெலும்பையும் மார்பெலும்பையும் நீக்கி நீள்சதுரமாகத் தருவார்கள். கொழுப்பும் சுவையும் கூடுதல், தட்டையாக இருப்பதால் சாஸ் ஒரே சீராகப் பிடிக்கும். புளிச்செர்ரிக்கு நான் செயின்ட் லூயிஸ்தான் எடுப்பேன், அந்தக் கொழுப்புக்குத்தான் இந்தப் புளிப்பு. பீச்சுக்குப் பேபி பேக் போதும். 'கன்ட்ரி ஸ்டைல் ரிப்ஸ்' என்று எழுதியிருப்பதை எடுத்துவிடாதீர்கள். அது தோள்பட்டைப் பக்கத்து இறைச்சித் துண்டு, விலாவே அல்ல.

எதை எடுத்தாலும் எலும்புப் பக்கத்துச் சவ்வை உரித்துவிடுங்கள். ஓர் ஓரத்தில் வெண்ணெய்க் கத்தியை நுழைத்துத் தூக்கி, காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் முழுதாக வரும். விட்டுவிட்டால் வெந்தபிறகு தோல்செருப்பைக் கடிப்பதுபோல் இருக்கும்.

நெருப்புக்கு வருவோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குப் பால்கனியில் கரி அடுப்பு வைக்க அனுமதி பெரும்பாலும் இருக்காது, அவர்களுக்கு 'அவன்' (oven) என்ற பேக்கிங் அடுப்புதான் வழி. அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. உப்பு, மிளகு, புகையேற்றிய பாப்ரிகா, பூண்டுத் தூள் தடவி, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 135 செல்சியஸில் வையுங்கள். பேபி பேக்குக்கு இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரம், செயின்ட் லூயிஸுக்கு 3 மணி நேரம். பிறகு தாளைத் திறந்து சாஸ் தடவும் வேலை. புகை இல்லாததால் பழத்தின் மென்மையான வாசனை தெரியும். பீச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு அவன்தான் பொருத்தம் என்பது என் அனுபவம்.

கெட்டில் வடிவக் கரி அடுப்பு இருந்தால் செர்ரிதான். கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, விலாவை மறுபக்கம் வைத்து, நடுவே ஒரு தட்டில் தண்ணீர். செர்ரி அல்லது ஆப்பிள் கட்டை இரண்டு மூன்று துண்டு போதும். ஹிக்கரி என்ற மரக்கட்டையின் அழுத்தமான புகை பீச்சையும் ப்ளூபெர்ரியையும் அமுக்கிவிடும், புளிச்செர்ரி மட்டும் அதற்கு ஈடுகொடுக்கும். மூடியை அடிக்கடி திறக்காமல் 250 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் பிடித்துவைத்தால் 4 முதல் 5 மணி நேரம். நடுவில் ஒரு கட்டத்தில் இறைச்சியின் சூடு ஏறாமல் அப்படியே நின்றுவிடும். மேற்பரப்பில் ஆவியாகும் ஈரம் குளிர்விப்பதுதான் காரணம். பதறிப்போய்க் கரியைக் கூட்டாதீர்கள். நேரம் இல்லையென்றால் அப்போது தாளில் சுற்றிக்கொள்ளலாம்.

இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சார பிரஷர் குக்கர் 25 நிமிடத்தில் பேபி பேக்கை வேகவைத்துவிடும், அழுத்தம் இறங்க இன்னும் கால் மணி நேரம். வேலைநாள் சாயங்காலத்துக்கு நான் அதைச் செய்வதுண்டு. ஆனால் சாறு பாதி அடியில் இறங்கிவிடும். அதைக் கொட்டாமல் சுண்டக் காய்ச்சிச் சாஸில் சேர்த்துவிடுங்கள். நிறைய தண்ணீரில் வேகவைத்துச் சுடுவதை மட்டும் வேண்டாமென்பேன். சுவையெல்லாம் வடிகாலில் போகும்.

பன்றி இறைச்சி 63 செல்சியஸைத் தொட்டு 3 நிமிடம் இருந்தால் பாதுகாப்பானது என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. விலா அந்தச் சூட்டில் ரப்பர்போல் இருக்கும். எலும்பைச் சுற்றியுள்ள கொலாஜன் உருகி ஜெலட்டினாக மாற வேண்டுமானால் 90 முதல் 95 வரைக்கும் போக வேண்டும், அதுவும் மெதுவாக. வெப்பமானி இல்லாவிட்டால் இடுக்கியால் ரேக்கின் மூன்றில் ஒரு பங்கில் பிடித்துத் தூக்குங்கள். வில்லாக வளைந்து மேல்பக்கம் வெடிப்பு விட்டால் ஆயிற்று. தூக்கும்போதே எலும்பைவிட்டுக் கழன்று விழுந்தால் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. கான்சஸ் சிட்டி வழிப் போட்டிகளில் கடித்த இடம் மட்டும் சுத்தமாக வருவதைத்தான் நல்ல பதம் என்பார்கள். வீட்டில் அம்மாவுக்குக் கழன்று விழுவதுதான் பிடிக்கும், அவருக்காகத் தனியாக அரை மணி நேரம் கூட வைக்கிறேன்.

சாஸை எப்போது தடவுவது என்பதில்தான் பழச் சாஸ் பாட்டில் சாஸைவிடக் கறாரானது. ஃப்ரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை 110 செல்சியஸ் வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கும், நாம் போடும் சாதாரணச் சர்க்கரைக்கு 160 வேண்டும். புளிப்போடு கொதிக்கும்போது அந்தச் சாதாரணச் சர்க்கரையிலும் ஒரு பங்கு உடைந்து ஃப்ரக்டோஸ் ஆகிவிடும். முதல் கோடையில் நான் ஆரம்பத்திலேயே பீச் சாஸைப் பூசி 4 மணி நேரம் வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது தார் பூசியதுபோல் ஒரு கருப்பு ஓடு, சுரண்டினால் கசப்பு. இப்போது கடைசி 20 நிமிடம்தான். மெல்லியதாக ஒரு பூச்சு, 10 நிமிடம் காயவிட்டு மேலே இன்னொரு பூச்சு. அவனில் செய்கிறவர்கள் ப்ராய்லரை, அதாவது மேலிருந்து சுடும் நெருப்பை, 2 நிமிடம் போடலாம், ஆனால் கதவுக்கு முன்னால் நின்றுகொள்ளுங்கள். அந்த 2 நிமிடத்தில் போன் எடுத்தால் போச்சு. ஓரங்களில் சாஸ் குமிழ் விட்டு, குமிழ் உடைந்த இடம் மெருகுபோல் ஒட்டிக்கொள்ளும்போது எடுத்துவிடுங்கள். 10 நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் சாறு பலகையில் ஓடாது.

பச்சை இறைச்சியைத் தொட்ட தூரிகையைச் சாஸ் பாத்திரத்தில் விடாமல், தடவுவதற்கும் மேசைக்கும் என்று முதலிலேயே இரண்டு கிண்ணத்தில் பிரித்துவையுங்கள். மேசைக் கிண்ணத்தில் மீந்தது குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும், உறையவைத்தால் மாதக்கணக்கில். 2012 மார்ச்சில் வெயில் முன்கூட்டியே வந்து மரங்கள் பூத்து, ஏப்ரல் பனியில் கருகி, மிச்சிகனின் புளிச்செர்ரி விளைச்சலில் 90 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. அப்படி ஓர் ஆண்டு மறுபடி வரலாம் என்பதால் ஜூலையில் கண்ணில் படும்போதே இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி, கொட்டை எடுத்து, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறையவைத்துப் பையில் போட்டுவைக்கிறேன். கொட்டை எடுக்கத் தனிக் கருவி வேண்டாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, அதன் வளைவைக் காம்பு இருந்த குழியில் விட்டுச் சுழற்றினால் கொட்டை வெளியே வந்துவிடும். பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், சாறு முழங்கை வரைக்கும் வழியும்.